எஃப் பதினாறில் வானம்

பன்னிரண்டு அடிக்கு
ஒரு சடங்குப் பெண்ணின் முகத்தை இழுத்தபோது
கன்னம் சதுரம் சதுரமாக உதிர்ந்தது,
செல்லூர் ரவுண்டானாவில், ஊரே பார்க்க.
"ஏம்மா, பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கே"
என்றார் தாய்மாமன். மீதிப் பணம் தரவில்லை.
என் பழைய கேமராவின் சின்ன சென்சார்
அதற்குமேல் எந்த முகத்தையும் தாங்காது.

புதியது ஒன்றரை லட்சம்.
என்னிடம் இருந்தது
தள்ளிச் சீட்டு எடுத்த அறுபதாயிரம்,
மூக்குத்தியை அடகு வைப்பதில்லை என்ற பிடிவாதம்.

முனிச்சாலைக்குள் ஒரு சந்து.
ஜெகன்ராம் கதவைப் பாதி திறந்து
பூப்போட்ட துண்டில் சுற்றி எடுத்து வந்தார்
ஃபுல் ஃபிரேமை.
கைப்பிடி ரப்பர் உரிந்த இடத்தில்
ஃபெவிக்விக் வெளுப்பு.
ஷட்டர் எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம்.
விலை அறுபத்து நாலு.
"கல்யாணத்துக்கே போகாத கேமரா மேடம்."
கார்டு மூடியைத் திறந்தால்
உள்ளே ஓர் அட்சதை,
மஞ்சள் கூடப் போகவில்லை.
எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஆயிரம் குறைந்தது.

ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
காரணம் தெரிந்துவிட்டால்
பேரம் பேச வாய் வராது.

சென்சாரில் தூசி பார்க்க
ஒரு வெள்ளைச் சுவர் வேண்டும்.
மதுரையில் வெள்ளைச் சுவர்!
சந்தின் இரு பக்கமும் தேடினோம்.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி,
யாரோ ஒரு வருங்காலம்,
அதன்மேல் யாரோ ஒருவரின் முதலாமாண்டு நினைவு,
பசை காயாமல்.
ஒரு முகத்தை இன்னொரு முகம் ஒட்டி மூடிய சுவர்கள்.
விளம்பரம் செய்யாதீர் என்று எழுதிய இடம் மட்டும் காலி,
அதுவும் பச்சை.

கடைசியில் மாடிக்கு ஏறி
வானத்தை எடுத்தோம், எஃப் பதினாறில்.
இரண்டு புள்ளி.
"மூவாயிரம் குறைங்க."
"இன்னொன்று எடுங்க" என்றார்.
எடுத்தேன்.
ஒரு புள்ளி அங்கேயே இருந்தது,
மற்றது தெப்பக்குளம் பக்கம் நகர்ந்திருந்தது.
"அது பருந்து மேடம், அதுக்கும் சேர்த்தா குறைக்கிறது?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பேரத்தில் சிரித்தவர் தோற்றார்.
பருந்தைக் கழித்து இரண்டாயிரம்.
"மூஞ்சி எடுக்கையில அகலமாத்தானே திறப்பீங்க,
அப்ப எந்தப் புள்ளியும் தெரியாது.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தா
எதுலதான் இல்ல?"
நல்ல வியாபாரி. நான் இன்னும் சுருக்கினேன்.
அறுபதுக்கு முடிந்தது,
அதிலும் நூறு ரூபாய் திருப்பித் தந்தார், பஸ்ஸுக்கு.

பணம் எண்ணியபின் கேட்டேன்,
"ஒரு முகம் எடுத்துப் பார்க்கணும், ஜன்னலுக்கிட்ட உக்காருங்க."
உட்கார்ந்தார்.
இத்தனை வருஷம் இந்தப் பக்கம் நின்றவருக்குக்
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மோவாயை இறக்கினார், ஏற்றினார்,
காலர் பட்டனைப் போட்டார்.
பச்சைக் கட்டம் அலைந்து
அவர் இடது கண்ணில் போய் நின்றது.
ஒரு சத்தம்.
"அழிச்சிருங்க" என்றார்.
தலையாட்டினேன்.

ஆரப்பாளையம் பஸ்ஸில், கம்பியோரம் நின்றபடி
அழிக்கத்தான் திறந்தேன்.
பெரிதாக்கினால் இமைமயிர்,
பிறகு ஈரம்,
பிறகு கருவிழியில் ஜன்னல்,
ஜன்னல் முன் கேமராவோடு குனிந்த நான்,
உள்ளறை வாசலில்
நிலையைப் பிடித்தபடி இன்னொருவர்.
வீட்டில் நாங்கள் இருவர்தான் என்று நினைத்திருந்தேன்.
அத்தனை நேரமும்
ஒரு செருமல்கூடக் கேட்கவில்லை.

இன்னும் பெரிதாக்கலாம்.
சதுரமாக உதிராது,
அதற்காகத்தானே கொடுத்தேன் அறுபதாயிரம்.

சிம்மக்கல்லில் கூட்டம் ஏறியது.
கேமராவைத் துண்டில் சுற்றினேன்.
துண்டைத் திருப்பிக் கொடுக்க
மறந்திருக்கிறேன்.