வரிசை ஆறு, கல் பதினொன்று

வெள்ளிக்கிழமை, வெயில் சாய்வாய் இருக்கும்போதே
போய்விட வேண்டும்.
ஏசி காரை விட்டு இறங்கியதும்
கேமராவின் கண் ஆவி படிந்து வெளுத்துவிடும்.
துடைக்கக் கூடாது. தானாகத் தெளியக் கால் மணி நேரம்.
அதற்குள் கயூம் மியா கதவைத் திறந்து
எனக்கும் ஒரு குவளை சுலைமானி ஊற்றிவிடுவார்.
இங்கே புதைந்திருப்பவர்களில் ஒருவரையும்
அவருக்குத் தெரியாது.
எந்தக் கல்லடியில் பூனை குட்டி போட்டதென்று தெரியும்.

மனாமாவின் பழைய கல்லறைத் தோட்டம்.
தோட்டம் என்பது பேச்சுக்கு.
இரண்டு வேம்பு, ஒரு பேரீச்சை, மிச்சமெல்லாம் உப்பு.
உப்பு கீழிருந்து ஏறுகிறது:
முதலில் வசனத்தைத் தின்கிறது,
பிறகு தேதியை,
பெயருக்கு வந்து சேர அதற்கு எழுபது வருடமாவது ஆகும்.

கம்பித் தூரிகை ஆகாது. சவர நுரை ஆகாது.
தண்ணீர்ப் பீச்சான், பெயிண்ட் பிரஷ்,
பக்கவாட்டில் பிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி.
வெளிச்சத்தைப் படுக்கவைத்து விட்டால்
இல்லாத எழுத்தும் எழுந்து உட்காரும்.
மற்ற நாட்களில் சித்ராவில், கிடங்கில்,
குழாய் மூட்டுகளை எண்ணுகிறவன் நான்.
எண்ணுவதற்குக் கை பழகியிருக்கிறது.

மெஞ்ஞானபுரத்திலிருந்து எப்சிபா எழுதியிருந்தார்:
'தாத்தாவோட அண்ணன். பொன்னையா மாசிலாமணி.
எண்ணெய்க் கம்பெனியில ஃபிட்டர்.
முப்பத்தேழுல படகு கவுந்து போயிட்டாரு.
தந்தி வந்த அன்னைக்கே அவரு சம்சாரம்
வெள்ளைச் சேலை கட்டினவங்க,
எம்பத்தொண்ணு வரைக்கும் மாத்தல.
வம்சாவளியில அவரு கட்டம் மட்டும் பாதி காலி.'

எட்டு வெள்ளிக்கிழமைகள்.
துரைமார் குழந்தைகள்: பதினோரு நாள், நான்கு மாதம்,
ஒரு நாள்.
கோவாக்காரத் தையற்காரர் ஒருவர்,
கல்லில் கத்தரிக்கோலோடு.
பெயரே இல்லாமல் எண் மட்டும் போட்ட
சிமென்ட் பலகைகள்.
எண்ணையும் பதிகிறேன்;
யாராவது எண்ணைத் தேடிக்கொண்டு வரலாம்.

பிறகு, வரிசை ஆறு, கல் பதினொன்று.
ஆங்கிலத்தில் 'போனியா' என்றிருந்தது.
வெட்டியவன் வாயில் நம் பெயர் நுழையவில்லை.
அடுத்த வரியில் 'மசில', அத்தோடு மூலை உடைவு.
ஃபிட்டர். டின்னவேலி.
நான் சத்தமாக 'கிடைச்சிட்டாரு' என்றேன்,
பூனை ஓடியது.

அப்புறம்தான் தேதி.
நாற்பத்தாறு.

கண்ணாடியை இடப்பக்கம் பிடித்தேன், வலப்பக்கம் பிடித்தேன்,
தண்ணீர் பீச்சி, காயவிட்டு, மறுபடி.
அதை மூன்றாக்கிவிட ஆசையாக இருந்தது.
ஆனால் நாலுக்கு ஒரு கால் உண்டு.
ஊன்றி நின்றது.

படகு கவிழ்ந்த மனிதர்
அதற்குப் பின் ஒன்பது வருடம்
இந்தத் தீவில் நட்டு முடுக்கியிருக்கிறார்.
அடியில், உப்புக்கு மிஞ்சி,
'ஆல் நிறுவப்பட்டது' என்கிற பாதி மட்டும்.
யாரால் என்பதைத்தான் தின்றிருந்தது.

படிவத்தில் குறிப்பு என்றொரு கட்டம்.
அதில் எப்போதும் கல்லின் சேதத்தை எழுதுவேன்.
'வலது மூலை உடைவு' என்று எழுதினேன்.
காருக்குள் உட்கார்ந்து
'கிடைக்கவில்லை' என்று ஒருமுறை தட்டச்சினேன்,
அழித்தேன்.
மூன்று படங்களை அனுப்பினேன், ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

பதினோரு நாள் கழித்துப் பதில்:
'நாலுதான். நானும் பெரிசாக்கிப் பாத்துட்டேன்.
வீட்ல யாருகிட்டயும் இன்னும் சொல்லல.
ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க.
அந்த ஒம்பது வருசம்
அவருக்கு யாரு சோறு பொங்கிப் போட்டா?
பக்கத்துக் கல்லு யாரோடது?'

பன்னிரண்டில் எண் மட்டும்தான், முன்பே எடுத்தது.
பத்து, குப்புறக் கிடக்கிறது, முகம் மண்ணில்.
புரட்ட இரண்டு ஆள் வேண்டும்.
கடப்பாரை கயூம் மியாவிடம் இருக்கிறது.
இடுப்பு வலியும் அவரிடம்தான்.
வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.