ஒன்பதாம் நாள்

கொட்டாம்பட்டி சமுதாயக் கூடத்தில்
மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
'முற்றிலும் பாதுகாப்பானது' என்றேன்.
முற்றிலும்.
பதினேழு வருடமாக
மருந்துகளின் பக்கவிளைவை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள்
அந்தச் சொல்லைத் தொட்டிருக்கக் கூடாது.
ஆனால் மின்விசிறி ஓடவில்லை,
பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுதன,
நாலரை மணி மதுரை வண்டியை விட்டால்
அடுத்தது ஆறேகாலுக்கு.

ஒன்பதாம் நாள் ராத்திரி
சேவுகனின் மகள் தர்ஷிகாவுக்கு, அப்போது பத்து மாதம்,
காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகி
கைகால் வெட்டி இழுத்தது.
இரண்டு நிமிடம் என்கிறது பதிவேடு.
அரை மணி நேரம் என்கிறான் சேவுகன்.
நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

படிவத்தைச் செவிலியர் ரூத் ஜெபராணி
நீல மையில் நிரப்பி அனுப்பியிருந்தாள்:
தொகுதி எண், குப்பி திறந்த நேரம்,
பெட்டிக்குள் நாலு டிகிரி.
ஒரு குறை சொல்ல முடியாது.
'தடுப்பூசியோடு தொடர்புடையது' கட்டத்தில் டிக் அடித்தேன்.
'தற்செயல்னு ஒரு கட்டம் சும்மாத்தானே கெடக்கு?'
என்றார் மேலதிகாரி.
சும்மா கிடக்கட்டும் என்றேன்.

பெரியாஸ்பத்திரி குழந்தைகள் வார்டு.
அவன் இமையில் கிரானைட் தூள் இன்னும் போகவில்லை.
பிள்ளை அவன் மடியில் பிஸ்கட்டை நனைத்து நனைத்து
அவன் சட்டையில் அப்பிக்கொண்டிருந்தது.
'இப்பிடி வரும்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?'
தெரியும்.
சில ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வரும்.
வந்த வேகத்தில் போய்விடும், மூளையைத் தொடாது.
மணல்வாரியே வந்திருந்தால்
இதே இழுப்பு இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கு,
அதில் சிலது திரும்பி வராது.
எல்லாம் சொன்னேன்.
அவன் முதல் வார்த்தையோடு நின்றுவிட்டான்.
'தெரிஞ்சிருக்கு. மைக்குல சொல்லல.'

கோபம் எனக்கும் உண்டு.
ஒத்தக்கடை மெடிக்கலில்
கத்தரியால் நறுக்கித் தந்த மூன்று மாத்திரை.
என்ன மாத்திரை? வெள்ளை மாத்திரை.
இரண்டு வருடம் அதை விழுங்கி
முகம் பூரிபோல் உப்பி வந்த ஒருத்தி
ஊசி என்றதும் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாள்.
போட்டால் வம்சம் விளங்காது என்ற குரல்பதிவை
எனக்கே அனுப்பியவர் என் சித்தப்பா,
முப்பது வருடம் கெமிஸ்ட்ரி வாத்தியார்.
சிரிப்பேன், பிறகு சிரிப்பு நின்றுவிடும்.
இருமலுக்குக் குடித்த இனிப்புத் தண்ணீர்
பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தின்ற செய்தி
பொய்யில்லையே.
சந்தேகப்படுகிறவனுக்கு ஞாபகசக்தி அதிகம்.
எங்களுக்குத்தான் மைக் பிடித்தால் மறந்துபோகிறது.

அடுத்த முகாமில் எண்ணைச் சொன்னேன்.
எந்த நாளில் காய்ச்சல் வரலாம்,
இழுத்தால் ஒருக்களித்துப் படுக்கவை,
வாயில் எதையும் திணிக்காதே,
கையில் இரும்பு கொடுக்காதே.
நாலு பேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள்.
ரூத் என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.
அந்த நாலு பேரை
எந்தக் கணக்கில் எழுதுவதென்று இன்றும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து
இடுப்பில் ஒன்பது மாதப் பையனோடு சேவுகன்.
அக்காளுக்கு வந்திருப்பதால்
இவனுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்றேன்.
ரூத் காலை மிதித்தாள்.
'ஒம்பதாம் நாளு நீங்க எங்க இருப்பீங்க?'
என் நம்பரை அவன் போனில் நானே அடித்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் போன் தலையணைக்குப் பக்கத்தில்.
பன்னிரண்டு. ஒன்றே முக்கால்.
கீழே நாய் ஒன்று யாரையோ குரைத்து ஓய்ந்தது.
காய்ச்சலுக்குப் படிவம் உண்டு, இழுப்புக்கு உண்டு,
ஊசி போட்ட இடத்துத் தடிப்புக்கும் உண்டு.
அடிக்காத போனுக்குக் கிடையாது.

விடிந்ததும் நானே கூப்பிட்டேன்.
ஒரு பெண் எடுத்தாள்.
பின்னால் குக்கர் விசில், ஏதோ பாத்திரம் உருண்டது,
இரண்டு பிள்ளைகள் எதற்கோ சண்டை.
'அவுக குவாரிக்குப் போயிட்டாக.
யாரு பேசறது?'