வட்டமும் புள்ளியும்

இரவு இரண்டே கால்.
தெகேலா துறைமுகத்து எடைமேடையிலிருந்து ஷவ்கி:
"மிரேத், உன் நிரல் ஐம்பதை
எண்ணே இல்லை என்கிறது.
போன லாரிக்கு ஆமாம் என்றது. அதுவும் ஐம்பதுதான்."

பின்னால் பதினோரு லாரிகளின் ஹார்ன்
அலெக்சாந்திரியாவின் மறுகோடியில்
என் சமையலறைக்குள் வந்து நின்றது.

நான் கேட்டிருந்தது ஒரே கேள்வி:
இஸ்டிஜிட். இந்த எழுத்து இலக்கமா?
அதன் கையில் ஓர் அட்டவணை.
அதில் பூஜ்யத்தின் பெயர் நாற்பத்தெட்டு,
ஒன்பதின் பெயர் ஐம்பத்தேழு,
இடையில் வரிசை கலையாத எட்டுப் பேர்.
யாரிடமிருந்தும் நாற்பத்தெட்டைக் கழி,
உள்ளே இருக்கும் தொகை வெளியே வரும்.
சி மொழி இவர்களுக்கு மட்டும் தந்த வாக்கு அது.
அகர வரிசைக்குக்கூடக் கிடையாது.

ஷவ்கியின் புதுத் திரையில் ஐம்பது
ஒரு வட்டம், ஒரு புள்ளி.
வட்டம் ஐந்து. புள்ளி பூஜ்யம்.
கெய்ரோவில் பஸ் ஏறும் பிள்ளைக்கும் தெரியும்.
உலகம் அராபிய எண் என்பது இதை அல்ல;
இதை நாங்கள் இந்திய எண் என்கிறோம்.
இயந்திரத்துக்கு இரண்டு பெயரும் தெரியாது.
அதற்குப் போய்ச் சேர்ந்தவை நான்கு பைட்கள்:
மைனஸ் முப்பத்தொன்பது, மைனஸ் தொண்ணூற்றொன்று,
மறுபடி மைனஸ் முப்பத்தொன்பது, மைனஸ் தொண்ணூற்றாறு.

அட்டவணை தொடங்குவதற்கு முன்னால்
என்ன இருக்கும்?
யாருடைய நினைவகமோ. எந்தக் குப்பையோ.
இஸ்டிஜிட் அங்கே கைவிட்டுத் துழாவி
அகப்பட்டதைப் பதிலாகத் தந்திருக்கிறது.
தவறு அதனுடையதல்ல.
கேள்வியை நான் குறியோடு அனுப்பிவிட்டேன்.

குறியைக் கழற்றினேன்.
மைனஸ் முப்பத்தொன்பது இருநூற்றுப் பதினேழானது.
இப்போது ஒவ்வொரு முறையும் ஒரே பதில்,
நாணயமான பதில்:
இல்லை.

லாரி அப்படியே நிற்கிறது.

அடுப்பில் காபி பொங்கி வழிய
இன்னும் சில வரிகள் எழுதினேன்:
இருநூற்றுப் பதினேழு வந்தால் அவசரப்படாதே,
அடுத்தவனையும் பார்.
நூற்றறுபதுக்குக் குறையாமல்
நூற்றறுபத்தொன்பதைத் தாண்டாமல் இருந்தால்
நூற்றறுபதைக் கழி.
ஐந்து வந்தது.
பூஜ்யமும் வந்தது.

கூப்பிட்டேன்.
"அட, அதுவா? எப்போதோ போயாச்சு.
பழைய விசைப்பலகையில் அடித்துவிட்டேன்" என்றான் ஷவ்கி.
ஓட்டுநர் ரசீதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாராம்.
பக்கத்தில் பேனாவால்
ஒரு வட்டமும் ஒரு புள்ளியும் போட்டு
மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம்.

"மிரேத், இருக்கிறாயா? அடுத்தது நாற்பத்தேழு.
எதில் அடிக்கட்டும்?"