வீட்டுப்படி

முதலில் ஒரே ஒரு எண் வரும் என் மேசைக்கு.
ஏழாயிரத்து ஐந்நூறு, அல்லது மூவாயிரம்.
அதைத் துண்டு போடுவதுதான் எனக்குச் சம்பளம்.
ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து,
வெல்டிங் கொட்டகைக்கு மேல் மாடி,
ஒழுகும் ஏசிக்கு அடியில் ஒரு பெயின்ட் வாளி.
ஜுபைல் சந்தையில் சீலாவை அறுப்பவனுக்கும் எனக்கும்
கைவேலையில் பெரிய வித்தியாசம் இல்லை.
அடிப்படை இவ்வளவு, வீட்டுப்படி இவ்வளவு,
பயணப்படி, அப்புறம்
எதுவும் ஒட்டாமல் மிஞ்சியது 'இதர படி'.

அடிப்படையை மெலிதாக அறுக்கவேண்டும்.
ஊருக்குக் கிளம்பும் நாளில் தரும் பணிக்கொடை
அதில் மட்டும்தான் ஊறும்.
வீட்டுப்படி பெருத்திருந்தால் வருகிறவர் சிரிப்பார்.
அடிப்படை சிறுத்திருந்தால் கம்பெனி சிரிக்கும்.
ஒன்பது வருடமாக
இருவரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

நேற்று என் வீட்டுக்கே ஒரு கடிதம் வந்தது.
பெனிட்டோவுக்கு, ருவைஸிலிருந்து.
இரண்டு படுக்கையறை, கட்டில் மெத்தையோடு.
கரண்டும் தண்ணீரும் அவர்கள் பொறுப்பு.
பள்ளிக் கட்டணத்தில் பாதி.
சம்பளம் இங்கே வாங்குவதேதான்.
வீட்டுப்படி என்ற இடத்தில்
'இல்லை' என்று கூட எழுதவில்லை,
ஒரு சின்னக் கோடு.

தமிழில் சொல்லிப் பார்த்தேன், வீட்டுப்படி.
அரிசி அளப்பதும் படிதான்.
அப்பாவின் மின்வாரியச் சம்பளச் சீட்டில்
பஞ்சப்படி என்று ஒன்று இருக்கும்.
பஞ்சத்தைத் தலைதட்டி அளந்தார்களா
குவித்து அளந்தார்களா, தெரியாது.
அல் நஹ்தாவில் எங்கள் வீட்டுக்குப் படியே இல்லை.
லிஃப்ட் திறந்தால் கதவு.
கதவைத் திறந்தால் ஹாலில் பலகைத் தடுப்பு,
தடுப்புக்குப் பின்னால் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு தரும்
மன்னார்குடித் தம்பதியின் இருமல்.
தேதி போட்ட ஆறு செக்குகள்
வீட்டுக்காரர் இழுப்பறையில் முறை வைத்துக் காத்திருக்கின்றன.

சின்னவளின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில்,
பெனிட்டோ நடுவே கோடு கிழித்தான்.
இந்தப் பக்கம் ஷார்ஜா, அந்தப் பக்கம் ருவைஸ்.
ஜெபல் அலி வரை பெட்ரோல்,
சாலிக் தாண்டும் ஒவ்வொரு நாலு திர்ஹமும்,
பார்க்கிங், பலகைக்காரர் தரும் பங்கு,
பள்ளி வேன்,
எதையும் விடவில்லை. கணக்கில் அவன் கெட்டி.
மாதம் இரண்டாயிரத்து முந்நூறு மிச்சம்,
ருவைஸ் பக்கம். இரண்டு கோடு போட்டு நிமிர்ந்தான்.

"என் நாலாயிரத்து இருநூறு எங்கே?"

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
"அங்கே உனக்கும் ஏதாவது கிடைக்கும்."
ஏதாவது.
அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டேன்.
நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.
அவன் பேனாவை மூடினான்.
பலகைக்குப் பின்னால் இருமல் நின்றிருந்தது.
அவர்களும் கூட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவன் தூங்கிய பிறகு கழித்துப் பார்த்தேன்.
மிச்சம் போய் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பள்ளம்.
அவனை மட்டும் அனுப்பிவிட்டு
வியாழன் ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும்
ஒரு ஓரத்தில் கூட்டினேன், அதற்கு எண் வரவில்லை.
என் நாலாயிரத்து இருநூறை
நடுக்கோட்டின் மேலேயே பென்சிலில் எழுதிவிட்டுப்
படுத்தேன்.

காலையில் மேசை மேல் புதிய தாள்.
கமுதி சங்கிலிக்கருப்பன், வெல்டர், மொத்தம் இரண்டாயிரத்து நானூறு.
ஓரத்தில் மேனேஜரின் சிவப்பு மை: அடிப்படை எண்ணூறு.
வாளியைக் காலி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
ஆயிரத்து நானூறு என்று அடித்தேன்.
அறுநூறை வீட்டுப்படியிலிருந்து எடுத்தேன்,
மற்ற படிகளைத் தொடவில்லை.
போன் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டவர்
கடைசி வரியை மட்டும் பார்த்தார்.
மொத்தம் சரியாகத்தான் இருந்தது.

ருவைஸுக்கு
வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.