நம்பத் தகாத சாதனம்

எங்கள் பக்கம் ரூட்டு என்றால் பஸ்.
பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகர் வரை 29சி.
மீசை அரும்பும் வயசில்
அது ஒரு பெண்ணின் பின்னால் போவது.
போன ஐப்பசியில்தான் மூன்றாவது அர்த்தம் தெரிந்தது:
தன் போனுக்குத் தானே முதலாளி ஆவது.

பதினோராயிரத்து முந்நூறு ரூபாய், ஒன்பது தவணை.
ரசீது பீரோவில் இருக்கிறது, என் பெயரில்தான்:
ம. தேவசகாயம், ஹவுசிங் போர்டு, பி பிளாக், வியாசர்பாடி.
ஆனால் வாங்கும்போதே உள்ளே
ஒரு விளையாட்டுக் கடை குடியிருந்தது.
வாடகை தராத, காலியும் பண்ணாத குடித்தனம்.
நான் ரம்மியை அழித்தால்
விடியுமுன் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்:
"ஐம்பது ரூபாய் போனஸ், உங்களுக்கு மட்டும்!"
கடையையே அழிக்கலாம் என்றால்
அந்தப் பொத்தான் சாம்பல் நிறம்.
அழுத்தினால் அழுந்தாது.

சீட்டுப் பணம் போனது.
மார்ட்டினாவின் வளையல் போனது.
அவள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஸ்கேன் சென்டர் கஜபதிதான் சொன்னான்,
பூட்டைத் திறந்தால் உள்ளே இருக்கிற எல்லாம் அழியும்,
கம்பெனி கேரண்டியும் போய்விடும் என்று.
போகட்டும் என்றேன்.
திறக்க அனுமதி கேட்டால்
நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் பொறு என்றது போன்.
என் பொருளை நான் திறக்க
ரேஷன் கார்டுக்கு அலைந்ததுபோல் ஏழு நாள்.
ஐந்தாம் நாள் ராத்திரி ஆடினேன்.
எண்ணூறு.
இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஞாயிறு. விடாத மழை.
கஜபதியின் லேப்டாப், டேப் சுற்றிய கேபிள்.
இதை எழுதியவர்கள் யாரென்று தேடினேன்.
முகமில்லாத முப்பது நாற்பது புனைபெயர்கள்:
ஒருவன் வாத்து, ஒருத்தி பனிக்கரடி,
ஒருவர் வெறும் எண்.
எந்த ஊரின் எந்தச் சாமத்திலோ கண்விழித்து
கடைக்காரனே மறந்துபோன என் மாடலுக்கு
ஒரு சாவி ராவியிருக்கிறார்கள்.
காசு கேட்கவில்லை.
ஒரே ஒரு வரி:
"உங்கள் போன் கெட்டால் நாங்கள் பொறுப்பல்ல."
போனஸ் தருகிறேன் என்றவன்
ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

"பாதியில நின்னா போன் செங்கல்" என்றான் கஜபதி.
சொல்லி வாய் மூடவில்லை,
தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து
பி பிளாக் மொத்தமும் இருண்டது.
லேப்டாப்பில் பதினான்கு சதவீதம்.
பதிமூன்று.
மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.
காரை உதிர்ந்த சுவரில்
மின்னலுக்கு மின்னல்
நிஜச் செங்கல் தெரிந்தது.

பிறகு கறுப்புத் திரையில் எழுத்துகள்.
வரியின் முனையில் நின்ற டாலர் குறி மறைந்து
குறுக்கும் நெடுக்குமாய் நான்கு கோடு.
"இனிமே நீதான் ரூட்டு.
எதை வேணா அழிக்கலாம். போனையே கூட."
அந்தக் குறி ஜன்னல் கம்பி மாதிரி இருந்தது.
நான் நிற்பது உள்பக்கமா வெளிப்பக்கமா
பிடிபடவில்லை.
கை விசைப்பலகை மேலேயே கிடந்தது.
"தள்ளுங்க" என்றாள் மார்ட்டினா.
கடையின் நீளப் பெயரை
எழுத்தெழுத்தாய், புள்ளி விடாமல்
ஒற்றை விரலால் தட்டினாள்.
வளையல் இல்லாத கை,
சத்தமே இல்லை.

காலையில் பாங்கு ஆப் திறக்கவில்லை.
இந்தச் சாதனம் நம்பத் தகுந்ததல்ல என்றது.
ரம்மிக்கு நாற்பதாயிரம் அனுப்பிய ராத்திரிகளில்
அதற்கு என்மேல் ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

டீக்கடையில் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.
பெட்டி கத்தவில்லையே என்று
மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

இப்போதும் போனை எழுப்பும்போதெல்லாம்
ஐந்து நொடி மஞ்சள் எழுத்தில் அதே எச்சரிக்கை.
பொத்தானை அழுத்தினால் தாண்டிப் போகலாமாம்.
நான் அழுத்துவதில்லை.
ஐந்து நொடியும் நின்று
கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்.
போனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.