ஆறு, ஆறு, எட்டு

வால்டிவியாவில் அந்த ஞாயிற்றுக்கு
நள்ளிரவே கிடையாது.
சனி முடிந்ததும் கடிகாரம் ஒன்றுக்குத் தாவிவிடும்.
டார்ட்டுவில் இருக்கும் எனக்கு அது எப்படித் தெரியும்?
கம்பளிக் காலுறையோடு ஒரு வார இறுதியில்
ஏழு பத்தி, ஆறு வரிசை, கட்டம் போட்டேன்,
நாளென்றால் நள்ளிரவில் தொடங்கும் என்று நம்பி.
காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
எடுத்துக்கொண்டார்கள்.

ஹிமேனா கத்ரிலேயோ படகு விடுகிறாள்.
அவள் திரையில் செப்டம்பர்:
ஆறு, ஆறு, எட்டு.
இரண்டாவது ஆறைத் தொட்ட பதினோரு பேருக்கு
சீட்டில் சனி, துறையில் ஞாயிறு.

அவளே திருத்தி அனுப்பினாள். ஒரே வரி:
நாளை நண்பகலில் தொடங்கு.

பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தேன்.
சரியான வரி.
எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்.
ஏற்க ஒரு பொத்தான்தான்;
அதன் சாவி இருந்த கைபேசி
மீன்பிடிக்கப் போன அன்று
எமயோகி ஆற்றடிக்குப் போய்விட்டது.
வேறு வழி உண்டு, விண்ணப்பம் எழுத வேண்டும்.
எழுதவில்லை.

அவள் இணைத்திருந்த படத்தில்
சீட்டுக் கூண்டின் கண்ணாடி,
அட்டையில் தார் மசியால் பெரிதாக ஏழு,
கீழே தொலைபேசி எண்,
ஓரத்தில் கட்டைவிரல் கறை.