வலது காது

முப்பத்தோரு வருஷம்
கப்பலின் வயிற்றுக்குள் நின்று இரும்பை அடித்தேன்.
சென் நசேர் துறைமுகம் என் இடது காதை
ஓய்வூதியத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டது.
அதனால் வக்கீல் சொலென் பேச ஆரம்பித்ததும்
நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

'நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?' என்றார்.
'பேத்தியை.'
'பேத்தியைக் கேட்க முடியாது, ஐயா.
பார்க்க, பேச, கடிதம் போட
அனுமதி கேட்கலாம்.'

மேசைமேல் சட்டப் புத்தகம்,
சிவப்பு அட்டையில் காப்பிக் கறை.
உரிமை உண்டா என்றேன்.
உண்டு, உங்களுக்கு இல்லை, என்றார்.
தாத்தாவோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமை
குழந்தையுடையது.
அவளுடைய நலன் ஒன்றுதான்
அதற்குக் குறுக்கே நிற்க முடியும்.

வீடு வரும்வரை அதையே யோசித்தேன்.
லிமோஜில் ஒன்பது வயது எனோராவின் பையில்
பென்சில் சீவியோடும் ஒட்டுப்படங்களோடும்
அந்த உரிமையும் கிடக்கிறது,
அவளுக்கே தெரியாமல்.

மறுமுறை போனபோது, 'ஆதாரம்?' என்றார்.
பையைக் கவிழ்த்தேன்.
திரும்பி வந்த பார்சல் மூன்று.
நான்கு வருஷத்துத் தபால் ரசீதுகள்.
ஒரே ஒரு படம்:
என் மகன் எர்வானின் தோளில் அவள்,
பின்னால் கடல்,
கடலில் பாதியை மறைத்துக்கொண்டு என் கட்டைவிரல்.
போதாது என்பதை அவர்
ரசீதுகளை அடுக்கி நேராக்கும் விதத்தில் சொன்னார்.

பிறகு அந்தக் கேள்வி.
'மருமகள் ஏன் கதவைச் சாத்தினாள்?'

காது கேட்காதவன்போல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
செவிட்டில் அப்படி ஒரு வசதி உண்டு.

எர்வானைப் புதைத்துவிட்டு வந்து
எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
கரீனிடம் சொன்னேன்:
அந்த ராத்திரி நீ அவனை வண்டி எடுக்க விட்டிருக்கக் கூடாது.
மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.
முட்கரண்டிகள் அத்தனையும் நின்றபோதுதான்
என் குரலின் அளவு தெரிந்தது.
மாதம் முடிவதற்குள் அவள் ஊர் மாறிவிட்டாள்.

'இதை மனுவில் சேர்க்கவா?'
'சேருங்கள்.
அவள் சொல்வதற்கு முன்னால்
நான் சொன்னதாக இருக்கட்டும்.'

முதலில் பதிவுத் தபால். பதில் இல்லை.
சமரச அறைக்கு அழைத்தார்கள்;
முதல் தடவை என் எதிரில் காலி நாற்காலி.
இரண்டாம் தடவை கரீன் வந்தாள், கோட்டைக் கழற்றாமல்.
'நீங்கள் சொன்னதை
நான் தினமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்,
இன்னொரு வாய் எதற்கு?' என்றாள்.
மன்னிப்புக் கேட்டேன்.
அவளுக்குக் கேட்டதா, தெரியவில்லை.
கோட்டு கழறவில்லை.

நீதிபதி முன்னால் அவளுடைய வக்கீல்,
குழந்தையையே கேட்கலாமே என்றார்.
நான் எழுந்துவிட்டேன். சொலென் என் சட்டையை இழுத்தார்.
வேண்டாம், என்றேன்,
இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்திக் கேட்டால்
அவள் எந்தப் பதில் சொன்னாலும்
வீட்டுக்குப் போகும்போது அழுவாள்.
அப்போதுதான் கரீன் முதல் தடவையாக
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தீர்ப்பு: ஆறு மாதம்,
மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம்,
லிமோஜில் ஒரு பொது அறையில்,
மூன்றாம் ஆள் ஒருவர் முன்னிலையில்.
பிறகு பார்க்கலாம்.

பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரோ விட்டுப்போன லாரி பொம்மை.
மூலையில் ஒரு பெண், மடியில் குறிப்பேடு.
எனோரா வந்தாள்.
பல் மாறியிருந்தது. நடை மாறியிருந்தது.
'வணக்கம், ஐயா' என்றாள்,
பல் டாக்டரிடம் சொல்வதுபோல்.

அவளுக்கான நாற்காலி என் இடப்பக்கம் போட்டிருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு முதுகைப் பிடித்து இழுத்தாள்,
தரை கிறீச்சிட, எனக்குப் பாதிதான் கேட்டது,
என்னைச் சுற்றிக்கொண்டு வந்து
வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

மூலையில் இருந்த பெண் எதையோ எழுதினாள்.
நாற்காலி நகர்த்தப்பட்டது என்று எழுதியிருப்பாள்.
இன்னும் ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது.